மந்தைச் சாவடியில் மே மாத வாசிப்பு

ஆறு, ஏழு, எட்டு படிக்கும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம் என்று ஏப்ரல் கடைசியில் பெற்றோர் கேட்க ஆரம்பிப்பார்கள். நான் மதுரையில் மேலூர் ரோட்டுப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சில வருடங்களாக விடுமுறையில், ஊரார் கூடி உட்காரும் எங்கள் மந்தைச் சாவடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்தும் வருகிறேன். கேட்கிறவர்களுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிடலாம்தான். ஆனால் இந்த வயதுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அதைக் கவனிக்காமல் எவ்வளவு நல்ல புத்தகம் வாங்கினாலும் ஜூன் வரை அது டிவிக்கு மேலே தூசி படிந்துதான் கிடக்கும்.

ஒரே ஏழாம் வகுப்பில் தடித்த நாவலை இரண்டு நாளில் முடிக்கிற பெண்ணும் இருப்பாள், ஒரு பத்தியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வியர்த்துப்போகிற பையனும் இருப்பான். மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அதில் கூச்சம் கிடையாது. பன்னிரண்டு வயதில் கூச்சம் வந்துவிடும். "எனக்குக் கதைப் புத்தகமே பிடிக்காது டீச்சர்" என்று சொல்கிற பையன்களில் பலருக்கு, தான் தடுமாறுவதை நாலு பேர் பார்ப்பதுதான் பிடிக்கவில்லை. சரி, சுலபமாக இருக்கட்டும் என்று பெரிய எழுத்தில் முயல், ஆமை படம் போட்ட புத்தகத்தைக் கொடுத்தால் இன்னும் மோசம். "இது சின்னப் பிள்ளைக படிக்கிறது" என்று அட்டையைப் பார்த்ததுமே தள்ளிவிடுவான். அவன் சொல்வது நியாயம்தான். அவனுடைய யோசனைக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிட்டது. வாசிப்புதான் பின்தங்கியிருக்கிறது. அவனுக்கு வேண்டியது எளிய எழுத்தில் பெரிய பிள்ளைகளுக்கான விஷயம். அப்படிப்பட்டதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கோடை வாசிப்பில் பெரியவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் அது முதலில் கிடைத்தது சுவரில். மஞ்சுவிரட்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மாடு வளர்க்கிற வீட்டுப் பையன் ஒருவன், பாடப்புத்தகத்தைத் திறந்தாலே தலையைக் குனிந்துகொள்பவன், அந்த நோட்டீஸ் முன்னால் நின்று விரலை வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். "கா... ளை... காளைகளுக்கு... மருத்... மருத்துவச் சான்று." ஒற்றெழுத்து வருகிற இடமெல்லாம் நின்றான். ஆனால் விட்டுவிட்டுப் போகவில்லை. தன் மாட்டை அவிழ்த்துவிட என்னென்ன தாள் வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். கடைசி வரி வரை வாசித்தான். மறுநாள் அந்த நோட்டீஸில் ஒரு பிரதியை வாங்கி வந்து சாவடியில் வைத்தேன். அடுத்து காதணி விழா அழைப்பிதழ், டீக்கடையில் ஒதுக்கிய பேப்பரின் விளையாட்டுப் பக்கம், மாட்டுத் தீவன மூட்டையில் இருந்த விவரம். மதுரைப் பக்கம் பிளெக்ஸ் போர்டுக்குப் பஞ்சமில்லை. அதில் இருக்கிற முகங்களையும் பெயர்களையும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் எழுத்து தானாகப் பிடிபடுகிறது. இதையெல்லாம் வாசிப்பென்று சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். முடித்துவிட்டோம் என்கிற உணர்ச்சி ஒரு தடவை கிடைத்தால்தான் அடுத்ததைக் கையில் எடுப்பான்.

அடுத்த படி படக்கதை. முத்து காமிக்ஸ் சிவகாசியில் 1972-இல் தொடங்கியது. எங்கள் ஊர் அப்பாமார் சிலரின் டிரங்குப் பெட்டியில் பழைய இதழ்கள் இன்னும் இருக்கின்றன. கேட்டவுடன் லாரி ஓட்டுகிற ஒருவர் ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார். படக்கதையில் ஒரு பலூனுக்குள் இரண்டு வரிதான் இருக்கும். ஆனால் ஆட்கள் பெரியவர்கள், ஆபத்து நிஜமானது. தடுமாறுகிற பையனை அங்கே யாரும் சின்னப் பிள்ளையாக நடத்துவதில்லை. படம் பாதியைச் சொல்லிவிடும், மீதியைத் தெரிந்துகொள்ள எழுத்துக்கூட்டியே ஆக வேண்டும். பொம்மை பார்க்கிறான், படிக்கவில்லை என்று கவலைப்படும் தாய்மாருக்கு நான் சொல்வது: பலூனில் விரல் நகர்கிறதா என்று மட்டும் பாருங்கள். நகர்ந்தால் விட்டுவிடுங்கள்.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் காசில்லாமலே கிடைக்கும். அரசுப் பள்ளிகளுக்கு வாசிப்பு இயக்கம் மூலமாக வந்த சிறு புத்தகங்கள் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. அந்தப் பெயரில் வகுப்பு எண் இல்லாதது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். எட்டாம் வகுப்புப் பையன் 'நட' புத்தகத்தைக் கையில் வைத்திருந்தால் யாரும் அவனை மூன்றாம் வகுப்பு என்று கேலி செய்ய முடியாது. தேன்சிட்டு இதழும் ஆறு முதல் ஒன்பது வரை படிப்பவர்களுக்காகவே வருகிறது. ஆனால் கடைசி வேலைநாள் அன்று இவையெல்லாம் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான் முதல் விதி. பிள்ளைகளுக்கு நேரம் நிறைய இருக்கிற மாதத்தில் புத்தகத்தைப் பூட்டி வைக்கலாமா? தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, ஒரு நோட்டில் பெயர் எழுதி, ஒரு பிள்ளைக்கு மூன்று நான்காக வீட்டுக்குக் கொடுத்து அனுப்பலாம். கிழிந்து வரும், ஒன்றிரண்டு திரும்பாமலும் போகும். போகட்டும். பெற்றோரும் இதைக் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது.

பக்கத்து ஊர் கிளை நூலகம் இருக்கிறது. உறுப்பினராகக் கட்டும் தொகை மிகச் சிறியது. பிள்ளையை நேரில் கூட்டிப்போய், அட்டையை அதன் கையிலேயே வாங்கவையுங்கள். நூலகரிடம் "இவனுக்குப் பாம்பைப் பற்றிப் படிக்கணுமாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் அடுத்த தடவை அவரே எடுத்து வைத்திருப்பார். நூலகம் எந்தக் கிழமை மூடியிருக்கும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் நடந்து போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிற பிள்ளை மறுபடி கிளம்பாது.

மதுரைக்குள் நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள் அன்று திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு, உள்ளே ஏசி வேறு. அக்னி நட்சத்திரத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அம்மாக்களும் பெண் பிள்ளைகளும் செலவில்லாமல் போய்வரலாம். பையன்களின் பள்ளி பாஸ் விடுமுறையில் செல்லாது, அவர்களுக்கு மட்டும் டிக்கெட் காசு. முதல் தடவை போகும்போது எதையும் வாசிக்கச் சொல்லாதீர்கள். அலமாரி அலமாரியாகச் சுற்றட்டும். எடுத்து, புரட்டி, திரும்ப வைத்துவிட்டு அடுத்ததைத் தேடுவதும் ஒரு பழக்கம். வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்கு அது வேறெங்கும் கிடைக்காது.

வீட்டில் அச்செடுக்க வசதி இருந்தால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒன்று முதல் நான்கு வரை நிலை போட்டிருக்கும். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் அறிவியல், விலங்கு, ஊர்களைப் பற்றியவற்றைத் தேர்ந்தெடுங்கள். குட்டிப் பாப்பா படம் போட்டவை வேண்டாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் மாத இதழ் 1987 முதல் வருகிறது. எதற்கெடுத்தாலும் "ஏன் டீச்சர்?" என்று கேட்கும் பிள்ளைக்கு அதன் பழைய இதழ்கள் போதும், மே மாதம் ஓடிவிடும்.

இனி நேரம். இங்கே பலர் தவறவிடுவது இதைத்தான். பெற்றோர் சாயங்காலம் ஐந்து மணிக்குப் புத்தகத்தைக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில்தான் வறண்ட கண்மாயில் கிரிக்கெட் களைகட்டும். கிரிக்கெட்டோடு புத்தகத்தை மோதவிட்டால் புத்தகம்தான் தோற்கும், அந்தத் தோல்வி மனதிலும் நிற்கும். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை வெளியே கால் வைக்க முடியாது. அதுதான் வாசிப்பு நேரம். எங்கள் சாவடியில் கல்தளம், பக்கத்தில் வேப்பமரம், ஒரு பானைத் தண்ணீர். அவ்வளவே ஏற்பாடு.

பெண் பிள்ளைகளுக்கு அந்த நேரமும் சும்மா இருப்பதில்லை. எங்கள் பக்கம் மல்லிகைக்குக் கோடைதான் உச்சம். விடிவதற்கு முன்னால் பறித்த மொட்டில் ஒரு பங்கு வீடுகளுக்குக் கட்ட வந்துவிடும். அம்மா, பெரியம்மா, எட்டாம் வகுப்புப் பெண் என்று எல்லாரும் நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். முழத்துக்கு இவ்வளவு என்று காசு. அங்கே போய்ப் "பிள்ளையைப் படிக்க அனுப்புங்கக்கா" என்று கேட்பது பொருந்தாது. அதனால் புத்தகம் அங்கே போனது. ஒருத்தி சத்தமாக வாசிப்பாள், மற்றவர்கள் பூக் கட்டியபடி கேட்பார்கள். இரண்டு பக்கம் முடிந்ததும் வாசித்தவள் நாரை எடுத்துக்கொள்வாள், அடுத்தவள் கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்குவாள். பக்க ஓரங்களில் ஈரக் கைத்தடம் விழும். கேட்பவர்களில் ஒரு பாட்டி, கதையில் வரும் மாமியார் செய்தது சரியில்லை என்று நடுவில் நிறுத்திச் சண்டை பிடிப்பார். அந்தச் சண்டை முடியும் வரை வாசிப்பவள் அடுத்த வரியை விரலால் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். வகுப்பில் நான் எத்தனை கேள்வி கேட்டாலும் அப்படியொரு விவாதத்தை உண்டாக்க முடிந்ததில்லை. வேலை இருக்கிற வீடுகளில் கோடை வாசிப்பு நடக்க வேண்டுமென்றால் சத்தமாக வாசிப்பதுதான் வழி. கைக்கு வேலை இருக்கும்போது காது சும்மாதானே இருக்கிறது.

தடுமாறுகிற பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசிப்பது வேறு விதத்திலும் உதவுகிறது, கூட்டத்தில் வாசிக்கச் சொல்லாதவரை. செல்போனைப் பிடுங்கி வைப்பதைவிட அதில் குரலைப் பதிவு செய்யச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது. ஒரு பக்கக் கதையை வாசித்துப் பதிவு செய்து, திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதல் பதிவைக் கேட்டுவிட்டு அழித்தாள். "நான் நிறுத்தி நிறுத்திப் பேசுறேன் டீச்சர்." மறுபடி வாசித்தாள், மறுபடி அழித்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்று, தனக்குத் திருப்தியாகும் வரை வாசித்துவிட்டுத்தான் அனுப்பினாள். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சரளத்தைக் கூட்டும் என்று ஜே சாமுவேல்ஸ் என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1979-இலேயே எழுதியிருக்கிறார். வகுப்பில் "இன்னொரு தடவை வாசி" என்றால் அது தண்டனையாகிவிடும். அப்பா கேட்கப்போகிறார் என்றால் அவர்களே செய்வார்கள்.

இந்த வயதில் மலரும் இன்னொரு குணத்தையும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகள் கதையைக் கதையாகக் கேட்பார்கள். ஏழாம் வகுப்பு வந்தால் "நெசமா டீச்சர்?" என்று கேள்வி வரும். சித்திரைத் திருவிழா முடிந்து பிள்ளைகள் திரும்பும்போது, அழகர் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து, நேரம் தவறி, கோபித்துக்கொண்டு வண்டியூர் போன கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். முன்பு அழகர் தேனூரில்தான் ஆற்றில் இறங்கினார், 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் காலத்தில்தான் மதுரைக்கு மாறியது என்பதை ஒரு புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். சாவடி இரண்டு கட்சியானது. "அப்ப கல்யாணக் கதை பொய்யா?" என்று ஒருவன். "பொய்யின்னா எங்க ஆச்சி ஏன் அழுவுது?" என்று இன்னொருத்தி. இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். அந்த வாரம் வரலாற்றுப் புத்தகங்களுக்குத்தான் போட்டி. சொந்த ஊர் வருகிற புத்தகத்துக்கு எப்போதும் வாசகர் உண்டு.

அப்படி ஒன்று, உதயசங்கர் எழுதி 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற 'ஆதனின் பொம்மை'. கீழடியை வைத்து எழுதிய சிறார் நாவல். அதைச் சாவடியில் பங்குபோட்டு வாசித்த பிறகு கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். மதுரையிலிருந்து ராமநாதபுரம் ரோட்டில் சிலைமானைத் தாண்டினால் வந்துவிடும், 2023 மார்ச்சில் திறந்தது. கீழடிப் பானை ஓடுகளில் 'ஆதன்' என்ற பெயர் தமிழி எழுத்தில் கிடைத்திருக்கிறது. அதைத் தேடித்தான் எல்லாரும் ஓடினார்கள். வட்டுச்சில்லுகள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை விட்டு ஒரு கூட்டம் நகரவே இல்லை. தாங்கள் பாண்டி விளையாட ஓட்டாஞ்சில்லை உரசி எடுப்பதைப் போலவே அன்றைக்கும் உரசியிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பெரிய செய்தி. ஒரு பையன் பெட்டிக்குக் கீழே இருந்த விளக்கத்தை உரக்க வாசித்தான். மஞ்சுவிரட்டு நோட்டீஸ் வாசித்த அதே பையன். இன்னும் ஒற்றெழுத்தில் நின்று நின்றுதான் வந்தான். யாரும் சிரிக்கவில்லை, மீதி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். முதலில் புத்தகம், பிறகு இடம் என்ற வரிசையே நல்லது. இடத்தை முதலில் பார்த்துவிட்டால் பிள்ளைகள் ஐஸ் வண்டியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

வாசித்து முடித்ததும் என்ன செய்யச் சொல்வது? கதைச்சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். நீதி என்ன என்றும் கேட்க வேண்டாம். கேள்வித்தாள் வரும் என்று தெரிந்தால் பிள்ளை ஒல்லியான புத்தகமாகத் தேடி எடுக்கும். நான் கேட்பது ஒன்றுதான்: "இதை அடுத்து யாருக்குக் கொடுக்கலாம்?" தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் புத்தகத்தின் பெயர், அடுத்தவர் பெயர், ஒரு காரணம். "இவனுக்கு பேய்க் கதைன்னா பயம், அதனால இவனுக்குத்தான்" என்று ஒருவன் எழுதியிருந்தான். அந்தத் தாளைப் புத்தகத்துக்குள்ளேயே செருகிவிட்டால் அடுத்தவனிடம் போய்விடும். பிள்ளைக்குப் பிள்ளை சொல்கிற சிபாரிசை நாம் சொல்கிற எதுவும் மிஞ்ச முடியாது. பாதியில் பிடிக்காமல் போனால் மூடிவிடலாம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். முழுதாக முடித்தே ஆக வேண்டுமென்று கட்டாயப்படுத்தினால் அந்த ஒரு புத்தகத்தோடு விடுமுறை முடிந்துவிடும்.

விடுமுறைக்குச் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வரும் உறவுக்காரப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலம் கடகடவென்று வாசிப்பார்கள், தமிழில் எழுத்துக்கூட்டுவார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நேர்மாறு. இரண்டு பேரையும் ஜோடி சேர்த்து, இரண்டு மொழியிலும் அச்சிட்ட புத்தகத்தைக் கொடுத்தால் ஒருவருக்கொருவர் வாத்தியாராகிவிடுவார்கள். துலிகா பதிப்பகத்தில் அப்படிப்பட்டவை உண்டு.

இவ்வளவு பாடு எதற்கு, விடுமுறையில் பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போகட்டுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விளையாடட்டும், அதைக் குறைக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1982-இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளைக் கார்ல் அலெக்ஸாண்டரும் டோரிஸ் என்ட்விஸிலும் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பள்ளி நடக்கிற மாதங்களில் வசதியான வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறினார்கள், கோடையில்தான் இடைவெளி விழுந்தது என்றார்கள். அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதில் பின்னால் வந்த ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் ஊரைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமில்லை. வீட்டில் புத்தகம் இருக்கிற பிள்ளை மே மாதத்தில் எதையாவது புரட்டிக்கொண்டிருக்கும். இல்லாத வீட்டுப் பிள்ளை பள்ளி திறக்கும் வரை ஓர் எழுத்தையும் பார்க்காமல் இருந்துவிடும், ஜூனில் வந்து உட்காரும்போது முன்பு வாசித்ததும் கை நழுவியிருக்கும்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்தக் காலண்டர் தாள்களைச் சேர்த்து வகுப்பாசிரியரிடம் கொடுக்கிறேன். யாருக்கு எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கிறது என்பது அதில் இருக்கும், வாசிப்புப் பாடவேளைக்கு அவருக்குத் தேவைப்படும். பிள்ளைகள் சிலர் ஒரு டப்பாவில் காசு போட ஆரம்பித்திருக்கிறார்கள். மதுரைத் தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா போடும்போது எடுத்துக்கொண்டு போவதாகத் திட்டம். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையில் குறைந்த விலைப் புத்தகங்கள் நிறைய உண்டு, முதலில் அந்தக் கடைக்குப் போங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.